குத்துச்சண்டை ஆசான் ஜாக்சன்

இங்கிலாந்து நாட்டிலே குத்துச்சண்டையால் பெயர் பெற்ற வீரர் பலர். அவருள் ஆண்டுதோறும் மேடையேறிப் பகைவரை வீழ்த்தி, வெற்றிமேல் வெற்றி கொண்டோரும் உளர். ஆனால், தம் வாழ்நாளில் மூன்றே முறை மேடையேறி, அம்மூன்றனுள்ளும் ஒன்றில் தோல்வியுற்று, பின்னர் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் அக்கலைக்கே தலைமை ஆசானாக வீற்றிருந்த ஒருவரும் அந்நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜான் ஜாக்சன். 'கண்ணியவான் ஜாக்சன்' என்னும் பொருள்பட 'ஜென்டில்மேன் ஜாக்சன்' என்று மக்கள் அவரை அழைத்தனர்.

அவர் காலத்துக் குத்துச்சண்டை இக்காலத்தது போன்றதன்று. வீரர் கையுறை அணியாது வெறுங்கையாலேயே பொருதனர். நிமிடக் கணக்கில் சுற்றுகளை வகுக்கும் வழக்கமும் அன்று இல்லை. இருவருள் ஒருவர் தரையில் விழுந்தால் அது ஒரு சுற்று. விழுந்தவர் அரை நிமிடத்திற்குள் எழுந்து மேடையின் நடுவிடத்திற்கு வருதல் வேண்டும். வர இயலாதவர் தோற்றவராவர். இங்ஙனம் ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடித்த போர்கள் உண்டு. 1743-ஆம் ஆண்டில் ஜாக் பிராட்டன் என்னும் வீரர், வீழ்ந்தவனை அடித்தலாகாது, இடுப்பிற்குக் கீழே பற்றுதலாகாது என்பன போன்ற சில விதிகளை வகுத்தார். மாணவர் முகம் சிதையாமைப் பொருட்டுப் பயிற்சியின்போது பஞ்சுறை அணியும் வழக்கத்தையும் அவரே நாட்டினார். இவற்றைத் தவிர, அப்போருக்கு வேறு வேலி இல்லை. நாட்டின் சட்டமும் இதனை ஒப்புக்கொள்ளவில்லை. ஆதலின், நடுவர்மன்றத்தாரின் கண்ணுக்கு எட்டாத ஊர்ப்புறங்களில் மேடையிட்டுப் போர் நிகழ்த்துவர். சட்டம் விலக்கிய அப்போரைக் காணச் சட்டம் இயற்றும் பிரபுக்களே வண்டி கட்டிக்கொண்டு செல்வர் என்பது அக்காலத்து வேடிக்கைகளுள் ஒன்று.

ஜாக்சன் 1769-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவர் தந்தையார் கட்டடத் தொழில் செய்தவர், குடும்பம் வறுமையுற்றதன்று. வயிற்றுப் பாட்டிற்காகக் கைப்போரில் இறங்கியவர் பலர். ஜாக்சன் அவ்வாறு இறங்கியவரல்லர். ஐந்தடி பதினோரங்குல உயரமும், ஏறத்தாழ 195 ராத்தல் எடையும், அவற்றிற்கேற்ற உறுப்பமைதியும் வாய்ந்த உடல் அவருடையது. 84 ராத்தல் எடைக்கல்லைச் சுண்டுவிரலிலே தொங்கவிட்டுக்கொண்டே தம் பெயரைத் தெளிவாக எழுதுவார் என்று அவர் வலிமையைப் பற்றிச் சொல்லுவர். தாமஸ் லாரன்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியர், மில்டன் என்னும் புலவர் பாடிய காவியத்தில் வரும் சாத்தானைப் பேருருவாகத் தீட்டியபோது, அவ்வுருவின் உடலுக்கு ஜாக்சனையே மாதிரியாகக் கொண்டார். கண்ணியவான் என்று பெயரெடுத்தவரின் உடல் சாத்தானுக்கு உதவியது.

அவர் முதன்முதலாக மேடையேறியது 1788-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். பர்மிங்ஹாம் நகரத்து வீரரான ஃபியூட்டரெல் என்பார் பருத்த உடலினர். பல போர்களில் வென்றவர். பத்தொன்பது வயது நிரம்பாத ஜாக்சன், கிராய்டன் நகருக்கு அருகில் அவரை எதிர்த்து நின்று, ஒரு மணி நேரத்திற்கு மேல் பொருது வென்றார். அப்போரைக் காண வந்திருந்தோருள் பட்டத்து இளவரசரும் ஒருவர். அவ்விளவரசரைப் பின்னும் ஒருமுறை ஜாக்சன் வாழ்வில் காண்போம்.

இரண்டாம் போர் அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் எசெக்ஸ் மாவட்டத்து இங்கட்ஸ்டோன் என்னும் ஊரில் நிகழ்ந்தது. எதிர்த்தவர், 'சாராயம் காய்ச்சுவோர்' என்னும் தொழிற்பெயரால் வழங்கப்பட்ட இங்கிள்ஸ்டன். அன்று மழையால் மேடை நனைந்து வழுக்கியது. ஜாக்சன் கால் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகிக் காலெலும்பும் முறிந்தது. அந்நிலையிலும் அவர், தம்மை ஒரு நாற்காலியோடு சேர்த்துக் கட்டுமாறும், எதிரியும் அவ்வாறே அமர்ந்து பொருவாராயின் போரைத் தொடரத் தாம் ஆயத்தம் என்றும் கூறினாராம். இங்கிள்ஸ்டன் அதற்கு இசையவில்லை. இசையாமை அறிவுடைமையே! ஆயினும், தோற்ற அந்நாளில் ஜாக்சன் கூறிய அச்சொல், வென்ற நாளின் செய்தியைக் காட்டிலும் மிகுதியாக மக்கள் நாவில் நின்றது.

அதன்பின் ஆறாண்டுக்காலம் அவர் மேடையேறவில்லை. மூன்றாவதும் இறுதியுமான போர், அக்காலத்தின் தலைசிறந்த வீரர் தானியேல் மெண்டோசாவுடன் நிகழ்ந்தது. மெண்டோசாவைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அவரை அறியாதார் ஜாக்சனை முழுதும் அறியமாட்டார்.

மெண்டோசா இலண்டனின் கிழக்குப் பகுதியில் யூத குலத்தில் தோன்றியவர். உயரம் ஐந்தடி ஏழங்குலமே. அவர் காலத்திற்கு முன் குத்துச்சண்டை என்பது பெரும்பாலும் உடல்வலிப் போர். பெருத்தவர் இருவர் எதிரெதிர் நின்று ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுதலே வீரம் எனப்பட்டது. உடலாற் சிறியரான மெண்டோசா அவ்வழியிற் சென்றிருப்பின் ஓராண்டும் நிலைத்திரார். அவர் அடியை வாங்கிக்கொள்ளாமல் விலகும் வகையையும், முன்கையால் தடுக்கும் வகையையும், பக்கவாட்டில் அடிபெயர்த்து எதிர்பாராத திசையிலிருந்து தாக்கும் வகையையும் ஆராய்ந்து ஒரு முறையாக வகுத்தார். 1789-இல் அம்முறையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பயிற்சிக்கூடம் ஒன்று அமைத்து மாணவர்க்குக் கற்பித்தார். முதலில் தம்மை வென்ற ஹம்ஃப்ரீஸ் என்னும் வீரரை 1789-இலும் 1790-இலும் அடுத்தடுத்து வென்றார். யூதர் பலவாறு இழித்துரைக்கப்பட்ட அந்நாளில், மெண்டோசாவின் வெற்றியால் அம்மக்கள் தலைநிமிர்ந்து நடந்தனர்.

இத்தகைய மெண்டோசாவும் ஜாக்சனும் 1795-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் எசெக்ஸிலுள்ள ஹார்ன்சர்ச் என்னும் ஊரில் எதிர்ப்பட்டனர். பக்கத்திற்கு 200 கினிப் பொன் பந்தயம். மெண்டோசாவுக்கு வயது முப்பது. ஜாக்சன் அவரினும் ஏறத்தாழ ஐந்தாண்டு இளையவர். உயரத்தில் நான்கங்குலம் மிக்கவர். தொடக்கச் சுற்றுகளில் இருவரும் ஒத்து நின்றனர். நான்காம் சுற்றில் மெண்டோசாவின் கண்ணருகே காயம் பட்டுக் குருதி பெருகிற்று. ஐந்தாம் சுற்றில், ஜாக்சன் தம் இடக்கையை நீட்டி மெண்டோசாவின் நீண்ட கூந்தலைப் பற்றிக்கொண்டார். பற்றிய தலையை அசையவிடாது நிறுத்தி வலக்கையால் பல முறை குத்தினார். மெண்டோசா வீழ்ந்தார். அவருடைய துணைவர் நடுவரிடம் முறையிட்டனர். விதிகளில் கூந்தலைப் பற்றலாகாது என்று யாண்டும் கூறப்படவில்லை. ஆகவே அது குற்றமன்று என்று நடுவர் தீர்ப்பளித்தனர். ஒன்பதாம் சுற்றின் முடிவில் மெண்டோசா தோல்வியை ஒப்புக்கொண்டார். தொடக்கம் முதல் முடிவு வரை சென்ற காலம் பத்தரை நிமிடமே.

இச்செய்தியை மறைத்து ஜாக்சன் வரலாற்றை எழுதுவாரும் உளர். அது முறையன்று. நடுவர் கூறியது விதிப்படி சரியே. உடல்வலியிலும் கைநீளத்திலும் ஜாக்சன் மிக்கவராதலின், கூந்தலைத் தொடாமலே அவர் வென்றிருக்கவும் கூடும். ஆயினும், விதி விலக்காத காரணத்தால் ஒரு செயல் கண்ணியமுடையதாகி விடாது. விலகுதலும் தடுத்தலுமே மெண்டோசா வகுத்த கலை. தலையைப் பிறன் கையில் கொடுத்துவிட்டு ஒருவன் எங்ஙனம் விலகுவான்? அக்கலையை ஜாக்சன் அன்று கலையால் வெல்லவில்லை. வெளியே நின்று கட்டிப்போட்டார். அந்நாள் முதல் வீரர்கள் தம் தலைமயிரைக் குறுகக் கத்தரித்துக்கொள்ளலாயினர் என்பர். எழுதாது விடப்பட்ட விதியைக் கத்தரிக்கோல் எழுதிற்று.

வெற்றி பெற்ற ஜாக்சன், நாட்டின் முதல்வீரர் என்னும் சிறப்போடு போரினின்றும் விலகினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. மீண்டும் அவர் பொருட்பந்தயத்திற்காக மேடையேறவே இல்லை. அவருடைய உண்மையான வாழ்வு இங்கேதான் தொடங்குகிறது.

இலண்டனில் செல்வர் உலவும் பாண்டு தெருவில் 13-ஆம் எண்ணுள்ள மனையில் ஹாரி ஆஞ்சலோ என்பவர் வாட்பயிற்சிக்கூடம் நடத்திவந்தார். ஜாக்சனும் அம்மனையிலேயே குத்துச்சண்டை கற்பிக்கலானார். ஒருநாள் வாளும் மறுநாள் கையும் பயிலுமாறு ஆஞ்சலோ தம் மாணவரைத் தூண்டினார். இதனால் பிரபுக்களின் மைந்தரும், படைத்தலைவரும், பாராளுமன்றத்து உறுப்பினரும் ஜாக்சனிடம் மாணவராயினர். கற்பித்தலால் மட்டும் ஆண்டிற்கு ஆயிரம் பவுனுக்கு மேல் அவர் ஈட்டினார் என்று தாமஸ் மூர் என்னும் ஐரிஷ் கவிஞர் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார்.

போர்வீரர் அனைவரும் நல்லாசிரியர் ஆவதில்லை. மேடையில் நிற்பவனுக்கு எதிரியின் சோர்வே வாய்ப்பு. பயிற்சிக்கூடத்தில் நிற்பவனுக்கோ மாணவனின் சோர்வு திருத்த வேண்டிய குறை. ஜாக்சன் முழுவலியோடு ஒருமுறை ஓங்கிவிடின் எதிரே நிற்கும் இளம்பிரபுவின் விலாவெலும்பு நிலைக்குமோ? ஆகவே வீரராக இருந்தபோது ஓங்கிய கையை, ஆசானானபின் அளந்து விடுதலே அவர் தொழிலாயிற்று. கையுறை அணிந்து மாணவர் எதிரே நின்று, காலை ஊன்றும் முறை, எதிரியின் தொலைவைக் கண்ணால் அளக்கும் முறை, தடுத்தல், விலகல், விரைந்து தாக்கி விரைந்து மீளுதல் என்பவற்றை அவர் கற்பித்தார். இவற்றுள் விலகலும் தடுத்தலும் எவருடைய நெறி என்பது முன்னரே கண்டோம். ஹார்ன்சர்ச்சில் தோற்றது மெண்டோசா; பாண்டு தெருவில் செல்வரின் பிள்ளைகள் நாள்தோறும் பயின்றது பெரும்பாலும் மெண்டோசா விதைத்த கலையே.

ஜாக்சனின் மாணவருள் பெரும்புகழ் பெற்றவர் பைரன் பிரபு என்னும் கவிஞர். பைரனுக்குப் பிறவியிலேயே வலக்கால் ஊனமுற்றிருந்தது. நடக்குங்கால் அவ்வூனம் தோன்றும். அதனைப் பிறர் நோக்குகின்றனரோ என்று அவர் வாழ்நாள் முழுதும் கூசினார். நடனம் அவருக்கு இயலாது. ஆனால் நீந்துதலும் குத்துச்சண்டையும் இயன்றன. ஜாக்சன் அவர் காலின் குறையைக் காரணமாகக் காட்டி ஒதுக்கவில்லை. அக்காலைக் கொண்டே நிற்கக் கற்பித்தார். பைரன் தம் ஆசானுக்கு அன்பு ததும்பும் கடிதங்கள் எழுதினார். 1808-இல் பிரைட்டன் நகரில் தாம் தங்கியிருந்தபோது அவரை அங்கே வருவித்து அளவளாவினார். தம் உடலைப் பேணிய குரு என்னும் கருத்துப்பட, தம் காவியக் குறிப்பொன்றில் அவர் பெயரை மதிப்போடு பொறித்தும் வைத்தார். கேம்பிரிட்ஜில் பைரன் பயின்ற காலத்தில், குத்துச்சண்டைக்காரரோடு உலவுதல் பிரபு ஒருவர்க்குத் தகாது என்று கல்லூரி ஆசிரியர் ஒருவர் கடிந்தாராம். அதற்குப் பைரன், கல்லூரிப் பெரியோர் பலரைக் காட்டிலும் ஜாக்சனின் நடையொழுக்கம் மேம்பட்டது என்று விடையிறுத்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

1811-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பைரனின் தாயார் காலமானார். தாய்க்கும் மகனுக்கும் இடையே பூசல் மிகுதி. பாசமும் இல்லாமல் இல்லை. அடக்கம் செய்யும் நாளில், நியூஸ்டெடு மாளிகையினின்றும் பிணப்பெட்டி புறப்பட்டது. பைரன் உடன் செல்லவில்லை. வாயிற்படியில் நின்று, ஊர்வலம் கண்ணுக்கு மறையும் வரை நோக்கினார். பின்பு திரும்பி, அருகில் நின்ற இளம் பணியாளனிடம் குத்துச்சண்டைக் கையுறைகளைக் கொணருமாறு பணித்தார். நாள்தோறும் செய்யும் பயிற்சியை அன்றும் தொடங்கினார். ஒரு சொல்லும் அவர் வாயினின்று வரவில்லை. வழக்கத்தினும் அன்று அடி கடுமையாக இருந்ததாக அப்பணியாளனுக்குத் தோன்றிற்று. சிறிது பொழுதில் கையுறைகளை எறிந்துவிட்டு அவர் தம் அறைக்குச் சென்றார். அழுகைக்கு இடங்கொடாத அவ்விளைஞர்க்குத் துயரை இறக்கிவைக்கக் கிடைத்த வழி, பாண்டு தெருவில் பயின்ற கலைதான். கற்பித்தபோது ஜாக்சன் இதனை எண்ணியிருக்கமாட்டார்.

இனி, ஜாக்சனுக்குக் 'கண்ணியவான்' என்னும் பெயர் பொருந்துமாற்றைக் காண்போம். உயர்ந்த உடையும் இனிய பேச்சும் அவருக்கு இருந்தன. அவை மட்டுமே அப்பெயருக்குக் காரணம் என்று கொள்ளுதல் பிழை. அந்நாளில் குத்துச்சண்டையைச் சுற்றிச் சூதாட்டம் பெருகியிருந்தது. பெரும்பொருள் கைமாறும் இடத்தில் வஞ்சமும் பெருகும். பொருள் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்பாரும் இருந்தனர். அத்தகைய கூட்டத்தினிடையே, இருதரத்தாரும் நம்பிப் பந்தயப் பொருளை ஒப்படைக்கத்தக்கவராக ஜாக்சன் விளங்கினார். வென்றவர் பரிசு பெறுவர். தோற்றவரோ உடைந்த முகத்தோடு வெறுங்கையராய் வீடு திரும்புவர். போர் முடிந்ததும், கூடியிருக்கும் செல்வரிடையே ஜாக்சன் சென்று, தோற்ற வீரனுக்காகவும் பொருள் திரட்டுவது வழக்கம். கேட்பவர் அவராதலின் மறுப்பார் இலர். இங்கட்ஸ்டோனில் முறிந்த காலோடு கிடந்தவர்க்குத் தோற்றவன் நிலை தெரியாதோ!

1814-இல் இக்கலையை ஒழுங்குபடுத்தும் நோக்கத்தோடு பிரபுக்கள் ஒரு கழகம் நிறுவினர். அதற்கு உயிர்நாடியாக விளங்கியவர் ஜாக்சன். அவ்வாண்டிலேயே, நெப்போலியனை வென்ற மகிழ்ச்சியில் இலண்டனுக்கு வந்த இரஷ்யப் பேரரசர்க்கும் பிரஷ்ய மன்னர்க்கும் தம் குழுவினரைக் கொண்டு ஆட்டம் நிகழ்த்திக் காட்டினார். போரால் அல்லலுற்ற போர்ச்சுகல் மக்களுக்காக 1811-இலும், பிரான்சில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயருக்காக 1812-இலும் காட்சிகள் நடத்திப் பொருள் ஈட்டி அளித்தார்.

1821-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் நான்காம் ஜார்ஜ் மன்னர் முடிசூடினார். 1788-இல் ஜாக்சனின் முதற்போரைக் கண்ட இளவரசர் இவரே. மன்னருக்கும் அரசி கரோலைனுக்கும் பகை முற்றியிருந்தது. மக்களுள் பலர் அரசியின் பக்கம் நின்றமையால், விழாவில் கலகம் விளையுமோ என்னும் அச்சம் எழுந்தது. ஆகவே, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் வாயிலைக் காக்குமாறு குத்துச்சண்டை வீரர் பதினெண்மரைத் திரட்டித் தருமாறு ஜாக்சனைக் கேட்டனர். அரண்மனை ஏவலர் உடையில் அவர்கள் வாயிலில் நின்றனர். அரசி வெஸ்ட்மின்ஸ்டர் கோயில் வாயில்வரை வந்து, உள்ளே புகவிடப்படாமல் திரும்பினார். மன்னர் தம் மகிழ்ச்சிக்கு அறிகுறியாக வீரர்களுக்கு ஒரு பொற்பதக்கம் அளித்தார். பதினெண்மருக்கும் பதக்கம் ஒன்றே! அவர்கள் சீட்டெடுத்து முடிவு செய்ய, அது டாம் பெல்ச்சர் என்பவருக்குக் கிடைத்தது. இந்நிகழ்ச்சியை ஜாக்சனின் வாழ்வில் பெருஞ்சிறப்பாகப் பலர் பாராட்டுவர். கணவனால் விலக்கப்பட்ட ஒருத்தி அடைக்கப்பட்ட வாயிலை நோக்கி வந்து நின்ற நாளில், காவல் நின்ற சிறப்பு எத்தகைய சிறப்போ, அறியோம்.

1824-ஆம் ஆண்டில் ஜாக்சன் தம் பயிற்சிக்கூடத்தினின்றும் ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேதான், கிரேக்க நாட்டு விடுதலைப் போருக்குத் துணைசெய்யச் சென்ற பைரன் மிசலாங்கி என்னும் ஊரில் காய்ச்சலுற்று உயிர்நீத்தார்.

மெண்டோசாவின் பிற்காலம் வேறு வகையாகக் கழிந்தது. அவரும் கற்பித்தார்; ஊர் ஊராகச் சென்று காட்சி நடத்தினார்; மதுக்கடை வைத்தார். ஆயினும் கடன் அவரை விடவில்லை. கடனுக்காகச் சிறையும் புகுந்தார். 1816-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1820-இல், ஐம்பத்தைந்து வயதில், மீண்டும் மேடையேறித் தோற்றார். 1836-இல் வறியராகவே மறைந்தார். ஜாக்சன் இருபத்தைந்து வயதில் மேடையினின்றும் இறங்க முடிந்தது. கலையைத் தோற்றுவித்தவர்க்கு ஐம்பத்தைந்திலும் இறங்க முடியவில்லை. குடிப்பிறப்பும் தோற்றமும் ஒருவர்க்குத் திறந்த பாண்டு தெருக் கதவு, மற்றவர்க்கு அத்துணை எளிதில் திறக்கவில்லை.

ஜாக்சன் 1845-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் இலண்டனில் காலமானார். பிராம்ப்டன் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. நண்பரும் மாணவரும் பொருள் திரட்டி அவர்க்கு ஒரு நினைவுக்கல் எழுப்பினர். அதன்மேல் கல்லிற் செதுக்கிய சிங்கம் ஒன்று, முன்கால்களை நீட்டிப் படுத்துள்ளது.